கடைசி அத்தியாயம் கேட்க வந்தவள்

என்னோடு ஒத்த வயதுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளசுகளுக்கு இதைப் படிக்க நேரமிருக்காது. நமக்கு முழங்கால் வலியும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கண்டி டவுனில் மூட்டை தூக்கினேன். இன்று கட்டுகஸ்தோட்டையில் ஹார்ட்வெயர் கடை என்று கேட்டால் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். ஆணி வாங்க வந்தவனைக் கதவு, நிலை, ஓடு எல்லாம் வாங்க வைத்து அனுப்புகிற வாய் எனக்கு. பட்டம் வாங்கின பிள்ளைகள் என் கடையில் பில் எழுதுகிறார்கள். இதெல்லாம் யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

போன வருஷம் பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் புத்தக அலுமாரி செய்து கொடுத்தேன். நல்ல தேக்கு. வெறும் அலுமாரி கொடுத்தால் அழகில்லை என்று பழைய புத்தகக் கடையில் சாக்குச் சாக்காகப் புத்தகமும் வாங்கிப் போட்டேன். மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு போன அதிபர் பேத்தியின் வகுப்பையும் காட்டினார். அங்கே தமிழ் டீச்சர் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்த வயதுப் பிள்ளைகளுக்கென்றே எழுதின கதைப் புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பிள்ளைகள் ஒன்றோடு ஒன்று மல்லுக்கு நின்றன. இது புது முறை, பிள்ளைகளை இழுத்துப் பிடிக்கிறது என்று அதிபர் எனக்கு விளக்கினார். நான் தலையாட்டினேன். அந்தப் புது முறையை நான் தகரக் கூரைக்குக் கீழே பார்த்தவன் என்று அவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே ஒரு நீள மண்டபம். இடைச்சுவர் கிடையாது. ஒரு கோடியில் சின்னதுகள் ஆனா ஆவன்னா கத்தும், மறு கோடியில் எட்டாம் வகுப்பு, நடுவில் நாங்கள். இடுப்பு உயரத்துக்குச் சுவர், அதற்கு மேல் கம்பிவலை. பனி உள்ளே வந்தால் கரும்பலகை மறைந்துபோகும், பெரிய சேரின் பிரம்பு மட்டும் மறையாது. பெரிய சேர் என்றால் தலைமை ஆசிரியர். அவருக்கு எங்களைப் பற்றிப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இருந்ததில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும், எப்படியும் கொழுந்து பறிக்க மலைக்குத்தானே போகப்போகிறீர்கள் என்பார்.

அந்த வருஷத் தொடக்கத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன டீச்சர் வந்தார். முதல் வேலை. கையில் ஒரு கறுப்புக் குடை, காலில் அட்டை ஏறினால் அழுகிற வயது. ‘ஆமாம்’ என்பதற்கு அவர் ‘ஓம்’ என்று சொல்வதைக் கேட்பதற்காகவே நாங்கள் தேவையில்லாத கேள்வியெல்லாம் கேட்போம். லயத்தில் எல்லாச் சிறுசுகளும் கொஞ்ச நாளைக்கு ‘ஓம் ஓம்’ என்று திரிந்தோம். அம்மா ரொட்டி வேணுமா என்றால்கூட ஓம்தான்.

எட்டாம் வகுப்பு அவருக்கு மசியவில்லை. பாடத்தை வாசிக்கச் சொன்னால் கிளி மாதிரி வாசிக்கும், கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கும். ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்துக்கு டீச்சர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அட்டையில் ஒரு பெண்பிள்ளை துணிப்பையோடு பஸ்ஸில் ஏறுகிற படம். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில்.

கதை இதுதான். அண்ணன்காரன் அப்பாவோடு சண்டை பிடித்துப் பட்டணத்துக்குப் போய்விடுகிறான். அவனைத் தேடித் தங்கச்சி யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறுகிறாள். வெள்ளிக்கு வெள்ளி ஒரு அத்தியாயம். இடைச்சுவர் இல்லாததால் நடுவிலிருந்த எங்களுக்கும் கதை கிடைத்தது. மழை வந்தால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அப்போது டீச்சர் எல்லோரையும் கிட்ட வரச் சொல்வார். வாங்குப் பலகையை விட்டு இறங்கித் தரையில் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்காருவோம். ஈரக் கம்பளி மணமும் தலையில் வைத்த தேங்காய் எண்ணெய் மணமும் டீச்சருடைய பவுடர் மணமும் கலந்து வரும். எத்தனையோ ஊர் ஹோட்டலில் தங்கிவிட்டேன், அந்தச் சூடு எங்கும் இல்லை.

அந்த முதல் வெள்ளியே டீச்சர் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்டார்: “அவள் போனது சரியோ, பிழையோ? சும்மா இருக்காதேங்கோ, சொல்லுங்கோ.”

பொம்பளப் பிள்ளை சொல்லாமல் போனது பிழை என்று பையன்கள் சொன்னார்கள். அப்போது எட்டாம் வகுப்பிலிருந்து என் அக்கா எழுந்தாள். வகுப்பில் அவள் வாய் திறந்து நான் அதுவரை பார்த்ததில்லை. வீட்டில் திறந்தால் மூடாது, அது வேறு கதை.

“அப்பாகாரரு மகனத் தேடிப் போகலயே டீச்சர். வீட்டுல யாராச்சும் ஒருத்தரு போகணும்ல?”

சின்னதுகள்கூட ஆனா ஆவன்னாவை நிறுத்தின. டீச்சர் அக்காவை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஓம், அதுதான் கேள்வி என்றார். அன்றிலிருந்து எட்டாம் வகுப்புக்கு வாய் வந்துவிட்டது. கதையில் வருகிற பட்டணம் கண்டிதான் என்றும், அந்த பஸ் பன்வில பஸ்தான் என்றும் நாங்களே முடிவு பண்ணிக்கொண்டோம்.

பாதிக் கதையில் அக்கா பெரிய மனுஷியானாள்.

உங்களுக்குத் தெரியாத வழக்கமில்லை. காம்பரா மூலையில் ஒரு சேலையைக் கட்டி மறைத்து, குறுக்கே உலக்கையைப் போட்டு, அந்தப் பக்கம் அக்காவை உட்கார வைத்தார்கள். தனிப் பாய், தனிச் செம்பு, நீல விளிம்பு போட்ட தனிப் பீங்கான் தட்டு. ஆண்பிள்ளைகள் முகம் பார்க்கக் கூடாது. தாய்மாமன் சீர் கொண்டுவந்தால்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியும். மாமன் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பினாரே தவிர வரவில்லை. சேலை அப்படியே தொங்கியது.

தண்ணீர் ஊற்றின பிறகு பள்ளிக்கூடம் போகலாமா என்று அக்கா அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவைக் கேட்டாள். அம்மா அடுப்பை ஊதினார். அக்கா பெயரைத் தோட்டத்து வேலைக்குப் பதியச் சொல்லி அப்பா கணக்கப்பிள்ளையிடம் ஏற்கனவே பேசிவிட்டார். எங்கள் பக்கத்தில் அதை யாரும் வாய் விட்டுச் சொல்லமாட்டார்கள். தலைக்கு ஊற்றிய தண்ணீர் காய்வதற்குள் புத்தகம் கீழே போகும், கூடை முதுகில் ஏறும். அக்காவுக்கு இனி பள்ளிக்கூடம் என்று மிஞ்சினது அந்தக் கதை மட்டும்தான்.

அதைக் கொண்டுவந்து கொடுத்தது நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேலைக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டீச்சர் வாசித்ததை ஒரு சொல் விடாமல் சொல்வேன். நான் சொல்கிற அழகைக் கேட்கப் பக்கத்துக் காம்பரா அத்தையும், கொழுந்தை எடை போட்டுவிட்டு வருகிற பெண்களும் இஸ்தோப்புத் திண்ணையில் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள். பஸ்ஸில் அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்ததா என்று மறுநாள் மலையில் பேசிக்கொள்வார்களாம். இன்றைக்குக் கடையில் நான் பேசுகிற பேச்சுக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி.

திங்கட்கிழமை வாசலிலேயே டீச்சர் என்னைப் பிடித்துக்கொள்வார். அக்கா என்ன சொன்னவ என்பார். நான் சொன்னதை எட்டாம் வகுப்பில் எல்லோருக்கும் எடுத்துச் சொல்வார். ஆள் மூலையில் இருந்தாலும் அக்கா வாதம் பண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

கடைசிக்கு முந்தின அத்தியாயம் வந்தது. தங்கச்சி அண்ணனைக் கண்டுபிடித்துவிட்டாள். அவன் வரமாட்டேன் என்றுவிட்டான். அவள் தனியாக பஸ் நிலையத்தில் நிற்கிறாள். டீச்சர் அங்கே நிறுத்தி, ஒருவரும் கூப்பிடாமல் அவள் வீட்டுக்குத் திரும்பிப் போகலாமா என்று கேட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நான் கேள்வியைச் சேலைக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அக்கா யோசிக்கவே இல்லை. “போகக் கூடாது. கெட்டதுக்குத்தான் கூப்பிடாமப் போகணும், நல்லதுக்குக் கூப்பிட்டாத்தான் போகணும். அம்மா சொல்லும்ல? மானம் இருக்குல்லடா.”

திங்கட்கிழமை இதைச் சொன்னதும் டீச்சர் சிரித்தார். “அது ஊருக்கு. சொந்த வீட்டுக்கும் அழைப்போ? அக்காட்டச் சொல்லும், வாற வெள்ளி கடைசி அத்தியாயம். அதைக் கேட்டிட்டு முடிவு சொல்லட்டும்.”

அதையும் அப்படியே போய்ச் சொன்னேன். டீச்சர் சிரித்துக்கொண்டு சொன்னாரா கோபமாகச் சொன்னாரா என்று அக்கா கேட்டாள். சிரித்துக்கொண்டு என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. டீச்சர் எங்களைக் கிட்ட வரச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். திறந்தவர் வாசிக்காமல் கம்பிவலைப் பக்கம் பார்த்தார். வெளியே கூரைத் தண்ணீர் கொட்டுகிற இடத்தில், அம்மாவுடைய கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு அக்கா நின்றாள்.

டீச்சர் எழுந்து வாசலுக்குப் போனார். “உள்ளுக்கு வாரும் பிள்ளை, நனையிறீர்.”

“தீட்டு டீச்சர். இங்கயே நிக்கிறேன், சத்தமா வாசிங்க.”

“இந்த மழைக்குள்ள என்ர சத்தம் அங்க வராது. வாரும்.”

அக்கா உள்ளே வந்தாள். யார் மேலும் படாமல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். முகம் பார்க்கக் கூடாதென்று நான் குனிந்துகொண்டேன். அவள் பாதம் மட்டும் தெரிந்தது. நாள்கணக்கில் வெயில் படாமல் இருந்து வெளுத்த பாதம், விரல் இடுக்கில் சிவப்பு மண், குதிகாலில் ஒரு அட்டை. அவள் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

பாருங்கள், இத்தனை நாள் வராத மாமன் அன்றைக்கு வந்துவிட்டார். தாம்பாளமும் பட்டுப் பாவாடையும் தப்பு மேளம் அடிக்கிற ஆளுமாக லயத்து வாசலில் வந்து நின்றிருக்கிறார். அம்மா சேலையை விலக்கினால் மூலையில் தட்டும் செம்பும் இருக்கின்றன, பிள்ளை இல்லை. ஓடிப்போய்விட்டாள் என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. பஸ் ஏறின பிள்ளையின் கதை லயம் முழுக்கத் தெரியும். அந்தக் கதையைக் கேட்டுத்தான் இவளும் பஸ் ஏறிவிட்டாள் என்று எல்லோரும் ஒரே மூச்சில் முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பிள்ளை எதற்காகப் போனாள் என்பது ஒருவர் நினைவிலும் நிற்கவில்லை.

டீச்சர் ஒரு பக்கம்கூட வாசித்து முடிக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் இருட்டிவிட்டது என்று வாசித்தது எனக்கு ஞாபகம். வாசலில் அப்பா நின்றார். பின்னால் மாமன், தொழிற்சங்கத்துத் தலைவர், தப்புக்காரர், எல்லோரும் டீச்சரிடம் நியாயம் கேட்க வந்து நனைந்து நின்றார்கள். பெரிய சேர் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்.

அப்பா அக்காவைப் பார்க்கவில்லை. நேராக வந்து டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை எடுத்தார். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை. அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அட்டையைப் பார்த்தார், பிறகு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினார். “இந்தப் படத்தப் பாருங்க. இதத்தான் எம் புள்ளைக்குப் படிச்சிக் குடுத்திருக்காங்க.”

“ஐயா, இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. நீங்களும் இருந்து கேளுங்கோ. முடிவைக் கேட்டால் விளங்கும்.”

“கேட்ட வரைக்கும் போதும் டீச்சரம்மா.”

அடிக்கவில்லை. அக்காவை ஒரு சொல் திட்டக்கூட இல்லை. அவர் முன்னால் நடந்தார், அக்கா பின்னால் நடந்தாள். லயம் முழுக்க இஸ்தோப்புகளில் நின்று பார்த்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றாத பிள்ளை கோயில் வாசலைக் கடந்து போய் வந்திருக்கிறாள், அதுவும் ஆண்பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை கேட்க. ஓடிப்போயிருந்தால்கூட அவ்வளவு பேச்சு வந்திருக்காது.

வந்த கையோடு சடங்கை முடித்துவிட வேண்டும் என்றார் மாமன். வாசலில் கல் கூட்டித் தண்ணீர் நிரப்பின தகரப் பீப்பாயை ஏற்றினார்கள். மழைக்கால விறகு, பிடிக்கவில்லை, புகை மட்டும் வந்தது. அம்மா ஊதி ஊதிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா சட்டைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து, இரண்டாகப் பிரித்து, விறகுக்கு அடியில் வைத்தார். உடனே பிடித்துக்கொண்டது. அந்தத் தண்ணீரைத்தான் மஞ்சள் போட்டு அக்கா தலையில் ஊற்றினார்கள். தப்பு முழங்கியது. பாயையும் செம்பையும் நீல விளிம்புத் தட்டையும் வழக்கப்படி வண்ணாத்தி எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை சின்ன டீச்சர் உட்காருகிற கதிரை காலியாக இருந்தது. சங்கத்துத் தலைவர் மேலே பேசி இரண்டே நாளில் மாற்றம் வாங்கிக் கொடுத்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். கறுப்புக் குடை மட்டும் கம்பிவலையில் மாட்டியபடி இருந்தது. கொஞ்ச நாள் பொறுத்து அதைப் பெரிய சேர் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அக்கா மலைக்குப் போனாள். நல்ல கைக்காரி, அவள் அளவுக்குக் கொழுந்து எடுக்கிற ஆள் எங்கள் டிவிசனில் இல்லை. அது எங்கள் குடும்பத்து ரத்தம். ஆனால் அன்றிலிருந்து அவள் அப்பாவோடு பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், பேசமாட்டாள். சில வருஷம் கழித்து மாமன் பார்த்த மாப்பிள்ளைக்கு நாவலப்பிட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். புறப்படும்போது எல்லோர் காலிலும் விழுந்தாள். அப்பாவுக்கு முன்னால் வந்தவள் நின்றாள், நின்றபடியே போய்விட்டாள்.

அந்த வருஷம் தலைத் தீபாவளிக்கு அழைக்க அப்பா போகவில்லை. தாம்பூலத்தோடு அப்பா போய் அழைக்க வேண்டும், அதுதான் முறை. அம்மா பலகாரம் எல்லாம் சுட்டு வைத்துவிட்டுப் பார்த்தார். அப்பா, அவளாக வரட்டும் என்றார். அவள் அங்கே, அவர் கூப்பிடட்டும் என்று இருந்தாள். அம்மா மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அம்மா வந்ததும் அப்பா அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். ஒன்றும் கேட்கமாட்டார், அம்மாவாகச் சொல்லும்வரை உட்கார்ந்திருப்பார்.

நான் முதல் வேன் வாங்கின வருஷம். தோட்டத்தில் பிறந்தவர்களில் என் வயதில் சொந்த வேன் வாங்கினவன் நான்தான். அந்தத் தீபாவளிக்கு வெள்ளை வேனை அக்கா வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் வெளியே வந்து வேனைத் தடவித் தடவிப் பார்த்தாள். தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

“அப்பா கூட்டிட்டு வரச் சொன்னாரா?”

“நான் வந்திருக்கேன்ல அக்கா.”

“நீ வந்திருக்கடா. அவரு?”

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். தனியாகத் திரும்பினேன். லயத்து வாசலில் வேனை நிறுத்தும்போது பார்க்கிறேன், அப்பா இஸ்தோப்பில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் அவர் சட்டை போட்டு நான் கண்டதேயில்லை. வேன் கதவு திறந்ததும் எழுந்து நின்றார். நான் மட்டும் இறங்கினதைப் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். அன்று அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அக்கா ஒரே ஒரு தடவை வந்தாள். அப்பா செத்தபோது. கெட்டதுக்குக் கூப்பிட வேண்டியதில்லையே. வந்தாள், அழுதாள், தூக்கினதும் போய்விட்டாள். சில வருஷத்துக்கு முன்னால் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அந்தத் தேக்கு அலுமாரிக்கு வருகிறேன். விழாவுக்கு முந்தின நாள் புத்தகச் சாக்குகளைக் கடை வாசலில் கொட்டித் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் காயட்டும் என்று பரப்பி வைத்ததில் ஒன்றைப் பார்த்தேன். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். வர்ணம் மங்கியிருந்தது, துணிப்பை அப்படியே இருந்தது.

எனக்கு அந்தப் பொடி எழுத்து ஓடாது. பேத்தியைக் கூப்பிட்டுக் கதிரையில் உட்கார வைத்து, கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசி என்றேன். முன்னால் கதை தெரியாமல் எப்படி விளங்கும் என்றாள். எனக்குத் தெரியும், நீ வாசி என்றேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் இருட்டிவிட்டது. அந்தப் பிள்ளை வயல் வரப்பில் நடக்கிறாள். ஒருவரும் அவளைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் தட்டாமல் நிற்கிறாள். நாய் குரைக்கிறது. அப்பா விளக்கை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கிறார், முகத்துக்கு நேரே விளக்கைத் தூக்கிப் பார்க்கிறார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. ‘நனைந்துவிட்டாயே, உள்ளே வா’ என்கிறார். அவ்வளவுதான் கதை.

“யாருமே கூப்பிடாம அவளாவே வந்துட்டாளே தாத்தா,” என்றாள் பேத்தி.

அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். மறுபடியும் வாசி என்றேன். வாசித்தாள். மறுபடியும் கேட்டபோது, ஒங்களுக்குக் காது கேக்கலயா தாத்தா என்றாள்.

“மழைச் சத்தத்துல கேக்கலம்மா. கிட்ட வந்து வாசி.”

பேத்தி வாசலைப் பார்த்தாள். பரப்பி வைத்த புத்தகங்கள் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.